தஞ்சையில் ஒரு தாத்தா வீடு, அந்தமானில் ஒரு தாத்தா வீடு

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கிணற்றடி, கொல்லை என்று பாட்டனார் வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க நம்மில் எவராலும் முடியும். அறுபதைத் தாண்டிய அங்கத்தினர்களுக்கு இது மனப்பாடம். தில்லியிலும் மும்பையிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் உட்கார்ந்து கிராமத்து வீட்டை நினைத்துப் பெருமூச்சு விடுவதும் நமக்குப் புதிதல்ல. அதையே நானும் எழுதினால் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆனால் எனக்கு வாய்த்த இரண்டாவது தாத்தா வீடு கொஞ்சம் வித்தியாசமானது. அது அந்தமானில், போர்ட் பிளேரில் இருந்தது. (2024 செப்டம்பர் முதல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பழைய கதை சொல்லும்போது பழைய பெயர்தான் வாயில் வருகிறது; பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

நான் பௌதிகம் படித்தவன். முப்பத்தைந்து வருஷம் மத்திய அரசு உத்தியோகத்தில் கோப்புகளைப் புரட்டியவன். வீடு கட்டும் சாஸ்திரம் எதுவும் தெரியாது. ஆனாலும் அந்த இரண்டு வீடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, 'இது நம் ஆசாரம், இது நம் வழக்கம்' என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த பலவும் உண்மையில் அந்தந்த ஊர் மண்ணும் மழையும் மரமும் வகுத்துக் கொடுத்தவை என்று தோன்றுகிறது. அதைப் பதிவு செய்யலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

அப்பா வழித் தாத்தா வீடு கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில் ஒரு சிற்றூரில். 1912-ல் கொள்ளுத்தாத்தா கட்டியது. தெருவாசலில் நின்றால் ரேழி, கூடம், இரண்டாங்கட்டு எல்லாவற்றையும் தாண்டிக் கொல்லைக் கதவுக்கு அப்பால் மாட்டுத் தொழுவம் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய தடித்த சுவர்கள், நாட்டு ஓடு, நடுவே வானம் பார்த்த முற்றம். கோடையில் சூடான காற்று முற்றத்து வழியாக மேலே போய்விட, கிணற்றடிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். கல்லூரியில் வெப்பச் சலனம் என்ற பாடத்தை நடத்தியபோது பாதி எனக்கு முன்பே தெரிந்திருந்தது. பத்தாயம், பரண், வெந்நீர் அண்டா, அரிக்கேன் விளக்கு, இவையெல்லாம் எல்லாரும் அறிந்தவை, விட்டுவிடுகிறேன். பின்னால் வரும் கதைக்கு இரண்டு விஷயங்கள் மட்டும் வேண்டும். ஒன்று, கூடத்து உத்தரங்களும் தூண்களும் பர்மாத் தேக்கு. நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கி மாட்டு வண்டியில் வந்ததாகத் தாத்தா சொல்வார். தஞ்சை ஜில்லாவில் நெல் விளையும், காடு கிடையாது. நம் முன்னோர்கள் பெருமையோடு தட்டிக் காட்டிய தூண் ஒவ்வொன்றும் வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்த அயலூர் மரம். இரண்டாவது, கூடத்து ஊஞ்சல். சங்கிலிகள் உறுதியாக இருந்தன, ஆனால் பலாப்பலகை நடுவில் விரிசல் விட்டிருந்தது. குழந்தைகள் தொடையில் சதை மாட்டிக்கொண்டு அலறுவது வழக்கம்.

அம்மா வழித் தாத்தாவுக்கு நிலம் நீச்சு கிடையாது. 1948-ல் அந்தமானில் குமாஸ்தா உத்தியோகம் என்று உத்தரவு வந்தபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. "அந்தமானுக்கா? என்னடா குத்தம் பண்ணினே?" என்றுதான் ஊரில் கேட்டார்களாம். கேட்டதில் தப்பில்லை. 1858 மார்ச் 10-ம் தேதி 200 கைதிகளோடு தொடங்கியது அந்தக் குடியேற்றம். செல்லுலார் சிறை 1896-ல் ஆரம்பித்து 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. 1942 மார்ச்சிலிருந்து 1945 அக்டோபர் வரை ஜப்பானியர் கையில் தீவுகள் பட்ட பாடு சொல்லி முடியாது. யுத்தம் முடிந்ததும் கைதிக் குடியேற்றத்தைக் கலைத்துவிட்டார்கள். 1949-ல் கிழக்கு வங்காள அகதிகளை 'மஹாராஜா' கப்பலில் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். முன்பு கைதிகளை ஏற்றிச் சென்ற அதே கப்பல். ஆக, தாத்தா போனது பழைய கதை முடிந்து புதிய கதை தொடங்காத சமயம்.

கடல் தாண்டினால் பிராயச்சித்தம் செய்ய வேண்டாமா என்ற கேள்வியும் எழுந்தது. தாத்தா அதற்குச் சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். "ராஜேந்திர சோழன் மாநக்கவாரம் வரைக்கும் போயிட்டு வந்ததைப் பெரிய கோயில்லேயே கல்லுலே வெட்டி வெச்சிருக்கான். அவனுக்கு எந்த சாஸ்திரிகள் பிராயச்சித்தம் பண்ணி வெச்சார்?" நக்கவாரம் என்பது நிக்கோபார். கேட்டவர் வாயை மூடிக்கொண்டார் என்று பாட்டி சொல்வாள்.

1958-லும் 1961-லும் கோடை விடுமுறையில் அம்மாவோடு நான் அங்கே போனேன். முதல் தடவை எட்டு வயது, இரண்டாம் தடவை பதினொன்று. சென்னைத் துறைமுகத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று இரவுகள். முதல் நாள் தயிர் சாதம், இரண்டாம் நாள் புளியோதரை, அதற்கப்புறம் அவலும் பொரிமாவும். அம்மா தலை தூக்கவில்லை. எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதால் பொரிமாவு முழுவதும் எனக்கே கிடைத்தது.

தாத்தாவின் குவார்ட்டர்ஸ் ஹாடோ என்ற பகுதியில் ஒரு சரிவில் இருந்தது. எதிரே கடலில் சாத்தம் என்ற குட்டித் தீவு, பாலத்தால் இணைத்திருந்தார்கள். அதில்தான் 1883-ல் தொடங்கிய புகழ்பெற்ற மர அறுவை ஆலை. காலையில் ஆலைச் சங்கு ஊதினால் ஊரே எழுந்துகொள்ளும். மரங்களைத் தெப்பமாகக் கட்டிக் கடல் வழியே இழுத்து வருவார்கள். சில மரங்கள் கனத்தால் மூழ்கிவிடும் என்பதால் மிதக்கும் மரங்களோடு சேர்த்துக் கட்டுவதைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆர்க்கிமிடீஸை நான் முதலில் சந்தித்தது அங்கேதான்.

வீடு முழுக்க மரம். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மரக்கால்கள்மேல் நிற்கும். சுவர் பலகை, தரை பலகை, மேலே நெளித்தகடு. முன்னால் நீண்ட வராந்தா. தஞ்சை வீட்டில் இருந்ததில் பாதி இங்கே இல்லை. திண்ணை இல்லை, முற்றம் இல்லை, கிணறு இல்லை. பாட்டி முதல் ஆறு மாதம் அழுதாளாம். பிறகு ஒவ்வொன்றாக மாற்று கண்டுபிடித்தாள்.

கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மரத் தரையைச் சாணி போட்டு மெழுக முடியாது. தண்ணீர் தெளித்தால் பலகை இடுக்கு வழியாகக் கீழே ஒழுகிவிடும். ஈரம் தங்கினால் பலகை உப்பிக்கொள்ளும். மாக்கோலம் போட்டால் நடக்கிற அதிர்விலேயே கலைந்துவிடும். ஆகவே படிக்கட்டின் அடியில் தாத்தா ஒரு சிமெண்டுச் சதுரம் போட்டுக் கொடுத்தார். பாட்டியின் வாசல் என்பது அந்த மூன்றடிக்கு மூன்றடிச் சதுரம்தான். மார்கழியில் அதற்குள்ளேயே புள்ளிக் கோலத்தை நெருக்கி நெருக்கிப் போடுவாளாம்.

ஆட்டுக்கல் இன்னொரு சோதனை. கல்லைத் தரையில் போட்டு அரைத்தால் வீடே ஆடும். சுவாமி படங்கள் சுவரில் தாளம் போடும். நல்ல வேளையாகச் சமையலறை தனியாக, பின்பக்கம், தரையோடு தரையாக இருந்தது. நெருப்புக்குப் பயந்து அப்படிக் கட்டியிருந்தார்கள்; இடையே கூரை போட்ட நடைபாதை. பாட்டிக்கு அது வேறு வகையில் சௌகரியமாகப் போயிற்று. மடிச் சமையல் தனிக் கட்டடத்தில் என்றால் வேறென்ன வேண்டும்? மழையில் அந்த நடைபாதை வழியாகக் குழம்பு வந்து சேர்வதற்குள் சாரல் விழுந்து நீர்த்துவிடும் என்று தாத்தா கேலி செய்வார்.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சையில் வருஷத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் பெய்தால் அங்கே 3,000. பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே அந்தமானைத் தொட்டுவிடும். மே மாதக் கடைசியில் ஒரு ராத்திரி நெளித்தகட்டின்மேல் அது இறங்கியபோது அம்மா பேசியது என் காதில் விழவில்லை. உதடு அசைவதுதான் தெரிந்தது. இத்தனை மழை பெய்தும் அதற்கு முந்தைய மாதங்களில் குடிநீருக்குத் திண்டாட்டம். மலைச் சரிவில் தண்ணீர் தங்காமல் கடலுக்கு ஓடிவிடுகிறது. தனிக்காரி அணை 1973-ல்தான் வந்தது. ஆகவே தாழ்வாரத்து நுனியில் தகரக் கால்வாய் கட்டி, அதன் கீழே இரும்புப் பீப்பாய்கள். தெருக்குழாய்த் தண்ணீரைப் பாட்டி சமையலுக்குத் தொடமாட்டாள். மழைத் தண்ணீர் மட்டும் நேரே ஆகாசத்திலிருந்து வருவதால் மடி. யார் கையும் படவில்லை அல்லவா? தகரத்தில் காக்கை உட்கார்ந்ததை நான் சுட்டிக் காட்டியதற்கு, "அதிகப்பிரசங்கி, போய் வாய்ப்பாடு சொல்லு போ" என்று பதில் வந்தது.

ஈரப்பதம் அவளுடைய நிரந்தர எதிரி. உப்பு ஜாடியில் உப்பு குழைந்துவிடும். தீப்பெட்டி பற்றாது. தாத்தாவின் செருப்பில் ஒரு வாரத்தில் பூஞ்சை பூக்கும். வடாம், வத்தல், அப்பளம், தீப்பெட்டி, பஞ்சாங்கம் எல்லாம் அடுப்புக்கு மேலே தொங்கவிட்ட ஒரு பலகையில்தான் வாசம் செய்தன. கப்பல் தாமதமானால் உருளைக்கிழங்கு, வெங்காயம் எதுவும் கிடையாது. வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமுமாக இரண்டு வாரம் ஓடியதுண்டு. இன்றைக்கு நகரங்களில் பெருமையாகச் சாப்பிடும் பதார்த்தம், அன்று அங்கே வேறு வழியில்லாத சாப்பாடு.

விறகுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஆலையில் கழித்துப் போட்ட துண்டு மரங்கள் சல்லிசாகக் கிடைக்கும். அதில் படாக் துண்டுகளும் இருக்கும். படாக் என்பது அந்தமானின் செம்மரம் போன்ற ஒரு மரம். தாவரவியலில் நம் வேங்கையும் செஞ்சந்தனமும் அந்தமான் படாக்கும் 'டெரோகார்பஸ்' என்ற ஒரே பேரினம். கரையான் எளிதில் அண்டாது. தஞ்சையில் அந்தத் துண்டு கிடைத்திருந்தால் பூஜை அறைக் கதவுக்கு வைத்திருப்பார்கள்; இங்கே அது ரசத்துக்குக் கீழே எரிந்தது. மரத்தூள் அடுப்பும் உண்டு. தகர டப்பாவின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்துத் திணித்து, பாட்டிலை மெல்ல உருவி எடுக்க வேண்டும். அந்த உருவும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு தடவை திணித்தால் பருப்பு, சாதம், வெந்நீர் எல்லாம் ஆகும்.

தாத்தாவின் பிரச்சினை வேறு: நேரம். அங்கே மே மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். மாலை ஐந்தே முக்காலுக்குள் அஸ்தமனம். ஆனால் கடிகாரம் இந்திய நேரம்தான். பஞ்சாங்கம் தமிழ்நாட்டுக்குக் கணித்தது. போர்ட் பிளேர் தஞ்சாவூருக்குக் கிழக்கே ஏறக்குறைய பதின்மூன்றரை டிகிரி தள்ளியிருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிஷம் என்றால் 54 நிமிஷ வித்தியாசம். தாத்தா பஞ்சாங்கத்தின் அட்டையிலேயே '54 கழிக்க' என்று மசியில் எழுதி வைத்திருந்தார். ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றுக்கும் அதே கழித்தல். தீர்க்கரேகையை நான் அறிந்துகொண்டது பூகோளப் புத்தகத்திலிருந்து அல்ல, ராகு காலத்திலிருந்துதான்.

இந்த வராந்தாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகக் கூடாது. தஞ்சை வீட்டுத் திண்ணையில் வழிப்போக்கர்கள் படுத்துறங்குவார்கள் என்று நாம் பெருமையாக எழுதுகிறோம். உண்மைதான். ஆனால் அக்ரஹாரத் தெருவுக்குள் யார் வரலாம், திண்ணையில் யார் உட்காரலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது என்பதும் உண்மை. அந்தமானில் அந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை. ஒரு பக்கத்து வீட்டில் மாப்பிள்ளைக் குடும்பம். 1921 மலபார்க் கலகத்துக்குப் பின் அனுப்பப்பட்டவர்களின் வாரிசுகள். இன்னொரு பக்கம் கைதிகளின் சந்ததியார். 'லோக்கல் பார்ன்' என்று சொல்வார்கள். அங்கே பஞ்சாபி ஆணும் தென்னிந்தியப் பெண்ணும் மணந்துகொண்டதெல்லாம் மூன்று தலைமுறைக்கு முந்தைய சமாசாரம்; ஜாதி கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. பேச்சு எல்லாருக்கும் ஹிந்துஸ்தானி. பாட்டியின் ஹிந்துஸ்தானி மாயவரத்து ஹிந்துஸ்தானி. "பானி லாவ்" என்பதைக்கூட ராகம் போட்டுத்தான் சொல்வாள். அந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாள்தான் தினமும் பசும்பால் கொடுத்தவள். பாட்டிக்கு டைபாய்டு வந்து இருபது நாள் படுத்தபோது வராந்தாவைத் தாண்டி உள்ளே வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவளும் அவள்தான். மடிச் சமையலறை? "அந்த இருபது நாளும் அடுப்புக்கு மடி தெரியலைடா" என்று பாட்டி பிற்பாடு சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று தஞ்சை வீட்டில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் இன்னொரு விசேஷம், ராத்திரியில் திடீரென்று அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். லேசான நில அதிர்ச்சி. அங்கே அது சகஜம். பாட்டி எழுந்திருக்கக்கூட மாட்டாள். "கீழே விழற வீடு இல்லே இது, தூங்கு" என்பாள். எதை வைத்துச் சொன்னாள் என்று பிறகுதான் தெரிந்தது. 1941 ஜூன் 26-ம் தேதி அந்தமானைப் பெரும் பூகம்பம் தாக்கியது. ராஸ் தீவில் ஆங்கிலேயர் எழுப்பியிருந்த செங்கல் மாளிகைகள் விரிசல் கண்டன. செல்லுலார் சிறையின் நடுக் கோபுரம் சேதமடைந்தது. (ராஸ் தீவுக்கு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர்.) 1958-ல் தாத்தா என்னைப் படகில் அங்கே அழைத்துப் போனபோது, சர்ச்சுச் சுவரை ஆல இனத்து வேர்கள் பாம்புபோலச் சுற்றிப் பிடித்திருந்தன. அதே பூகம்பத்தில் ஹாடோவின் மர வீடுகள் ஆடிவிட்டு நின்றுவிட்டன என்று பக்கத்து வீட்டார் பாட்டியிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் அதிசயம் இல்லை. கட்டடத்தின்மேல் பூகம்பம் செலுத்தும் விசை அதன் நிறையைப் பொறுத்தது. மர வீடு எடை குறைவு. மூட்டுகள் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். தடித்த செங்கல் சுவர் எடை அதிகம், வளையாது, உடையும். நம் தஞ்சை வீட்டின் கனத்த சுவர் வெயிலுக்குச் சரியான பதில். அதையே கொண்டுபோய் போர்ட் பிளேரில் வைத்தால் அது தப்பான பதில்.

2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்கு வந்த பூகம்பத்துக்குப் பின் பொறியாளர்கள் அங்கே சென்று பார்த்தார்கள். போர்ட் பிளேரில் சேதமடைந்தவற்றில் தரைத்தளத்தைத் திறந்த தூண்களாக விட்டுக் கட்டிய புதுக் கான்கிரீட் கட்டடங்கள் இருந்தன. பழைய மர வீடுகள் பெரும்பாலும் தாங்கிவிட்டன. நான் 1985 முதல் மூன்று வருஷம் அங்கே உத்தியோகத்தில் இருந்தபோது குடியிருந்தது கான்கிரீட் குவார்ட்டர்ஸில். மர வீடு ஒதுக்கினால் சக உத்தியோகஸ்தர்கள் 'ஓட்டை வீடு' என்று மறுத்துவிடுவார்கள். ஆனால் மரத்தின் பெருமையை ஒரேயடியாகப் பாடவும் முடியாது. பூகம்பத்தை அடுத்து வந்த சுனாமிக்கு முன் மரமும் ஒன்று, கான்கிரீட்டும் ஒன்று. போர்ட் பிளேர் பகுதியில் நிலமே சுமார் ஒரு மீட்டர் அமிழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் கடல் நுழைந்து தங்கிவிட்டது.

நிக்கோபாரில் நடந்தது இதைவிடக் கொடுமை. கார் நிக்கோபாரிலும் மற்றத் தீவுகளிலும் நிக்கோபாரிகள் மரக்கால்கள்மேல் தேன்கூடு வடிவத்தில் வட்டமாக, ஓலை வேய்ந்த வீடுகள் கட்டுவார்கள். 'துஹேத்' என்ற கூட்டுக் குடும்பம் முழுவதும் சேர்ந்து வாழும். நம் பழைய கூட்டுக் குடும்பத்துக்கு அண்ணன் என்று சொல்லலாம். உத்தியோக நிமித்தம் நான் ஒரு முறை அப்படி ஒரு வீட்டுக்குள் ஏணி வழியே ஏறியிருக்கிறேன். உள்ளே இருட்டு, குளிர்ச்சி, கிழவர் ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். கரையோரத்தில் இருந்த அத்தகைய வீடுகளை 2004-ல் ஒரே காலை துடைத்துவிட்டது. அரசாங்கம் பிறகு இரும்புச் சட்டத்தில் வரிசை வரிசையாக நிரந்தர வீடுகள் கட்டிக் கொடுத்தது; தம்பதிக்கு ஒரு வீடு என்ற கணக்கில். துஹேத்துக்கு அதில் இடமில்லை. நம் தாத்தா வீடுகள் போய்விட்டன என்று நாம் வருந்துகிறோம். நாமாகவே விற்றோம், பங்கு பிரித்தோம், நகரத்துக்கு வந்தோம். அவர்களுக்கு அந்தத் தேர்வே கிடைக்கவில்லை.

எங்கள் ஹாடோ வீட்டு மரம் எங்கிருந்து வந்தது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பர்மாத் தேக்கைப்போல அதுவும் யாரோ ஒருவருடைய காடு. கிரேட் அந்தமானியர் என்ற பூர்வகுடியினர் 1901 ஜனத்தொகைக் கணக்கில் 625 பேர். நான் இரண்டாம் முறை போய்ப் பாட்டியின் அடுப்பில் பாட்டிலை உருவிக்கொண்டிருந்த அதே 1961-ல் எடுத்த கணக்கில் 19 பேர். வெளியார் கொண்டுவந்த வியாதிகள்தான் பெரும்பாலானோரைக் கொண்டுபோயின. காடு சுருங்கியது அதோடு சேர்ந்த கதை. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீவுகளின் இயற்கைக் காடுகளில் வியாபாரத்துக்காக மரம் வெட்டுவதைத் தடுத்து, உள்ளூர்வாசிகளின் தேவைக்கு மட்டும் கட்டுப்பாட்டோடு அனுமதித்தது. சரியான தீர்ப்பு என்பதே என் அபிப்பிராயம். அதன் விளைவாக முழு மர வீடு கட்டுவது அங்கே அநேகமாக நின்றுபோயிற்று. 2019-ல் மனைவியோடு போனபோது ஹாடோ சரிவில் தாத்தா வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம் நின்றது. பாட்டியின் சிமெண்டுச் சதுரத்தைத் தேடினேன். அதன்மேல் வண்டி நிறுத்துமிடம் வந்துவிட்டது.

தாத்தா 1964-ல் ஓய்வு பெற்றுத் திரும்பும்போது காட்டிலாகா அனுமதிச் சீட்டோடு ஒரே ஒரு படாக் பலகை கொண்டுவந்தார். ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அங்குல கனம். முப்பது கிலோவுக்குக் குறையாது. அதைத் தன் சம்பந்தி வீட்டுக்கு, அதாவது என் அப்பா வழித் தாத்தா வீட்டுக்கு, ஊஞ்சலுக்கென்று கொடுத்தார். விரிசல் விட்ட பலாப்பலகை இறங்கியது, படாக் ஏறியது. பர்மாத் தேக்கு உத்தரத்திலிருந்து அந்தமான் பலகை தொங்க, முப்பது வருஷம் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் அதில்தான் உட்கார்ந்தார்கள். 1994-ல் வீட்டை விற்றோம். வாங்கியவர் பிரித்துவிட்டார், தூண்களும் உத்தரங்களும் காரைக்குடிப் பக்கம் பழைய சாமான் கடைக்குப் போனதாகக் கேள்வி. பலகையும் சங்கிலிகளும் மட்டும் என் பங்குக்கு வந்தன.

சென்னையில் நான் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் மேல்தளத்தில் கொக்கி போட அனுமதி இல்லை. பலகை இத்தனை வருஷமாகப் பால்கனியில் இரண்டு முக்காலிகளின்மேல் கிடக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில்; அவர்களுக்கும் கூடம் கிடையாது. கரையான் தொடவில்லை, விரிசல் இல்லை, ஈரத்துணியால் துடைத்தால் இன்றும் செந்நிறம் எழுகிறது. உத்தரமும் கொக்கியும் உள்ள பழைய வீட்டை இன்னமும் வைத்திருக்கும் அங்கத்தினர் எந்த ஊரில் இருந்தாலும் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு வரி எழுதினால் போதும். பலகையையும் நான்கு சங்கிலிகளையும் என் செலவில் அனுப்பி வைக்கிறேன். கட்டிய பிறகு ஒரு தடவை வந்து ஆடிவிட்டுப் போக அனுமதித்தால் சந்தோஷம்.